முன்வண்டியும் பின்வண்டியும்

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் தன் கதவுகளை ஊருக்குத் திறந்துவிடும். மற்ற நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் ஈயைக்கூட உள்ளே விடாத வாசல் காவலாளி, அன்றைக்கு மட்டும் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி "வாங்க, வாங்க" என்று சிரிப்பார். எலும்புக்கூட்டு அறை, கற்கள் அறை, பழைய நிலப்படங்கள், வானத்தைப் பார்க்கும் பெரிய குழாய் எல்லாம் பார்வைக்கு வரும். கட்டடத்துக்கு ஒரு பேராசிரியர், தன் வாழ்நாள் படிப்பை முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று நம்பி மேடை ஏறுவார். சாயங்காலம் முற்றத்தில் கச்சேரி. ஊர்க்காரர்களில் சிலர் அறிவு தேடி வருவார்கள். சிலர் பிள்ளைகளுக்காவது அறிவு வரட்டும் என்று இழுத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலோர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று வருவார்கள். இந்த மூன்றிலும் சேராமல் ஒருவர் வருவார். அவர் கேள்வி கேட்க வருவார்.

பேச்சு முடிந்து, தலைமை தாங்குபவர் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று அரங்கத்தைப் பார்க்கும்போது, அரங்கம் குனிந்து தன் செருப்பைப் பார்க்கும். அப்போது ஒரு கை எழும். "ஒரு சின்ன சந்தேகம்," என்றபடி கைக்குரியவர் எழுந்து நிற்பார். அது சின்னதாக இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம். அவருடைய பெயர் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது. சந்தேகம் சார் என்றால் தோட்டக்காரர் முதல் துணைவேந்தர் வரை தெரியும்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். நகரத்தின் நடுவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் தடத்திலேயே உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. தலைக்கு மேலே ஒரு பலகை: 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' பேசுவதற்கென்றே பிறந்த ஒரு மனிதரை அந்தப் பலகைக்கு அடியில் உட்கார வைத்ததைவிடக் கடுமையான தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்காது. முதுகுக்குப் பின்னால் மாணவர்களும் வாத்தியார்களும் நட்சத்திரத்தைப் பற்றியும் தவளையைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவார்கள். சுவாரசியமான இடம் வரும்போது சரியாக நிறுத்தமும் வந்துவிடும், இறங்கிப் போய்விடுவார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்செல்லாம் அவருக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவை அந்தக் கதவு திறந்த நாளிலேயே மூட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் கேட்டதெல்லாம் மேதாவிக் கேள்விகள் என்று நினைத்துவிட வேண்டாம். எறும்புகளைப் பற்றிப் பேசியவரிடம் எறும்புக்கு விடுமுறை உண்டா என்று கேட்டார். எரிமலையைப் பற்றிப் பேசிய அம்மையாரிடம், அணைந்துவிட்டது என்கிறீர்களே, அது அதற்குத் தெரியுமா என்று கேட்டார். பூமி சுற்றுவதைப் பற்றிய பேச்சில் அவர் கேட்டது பிரேக் சம்பந்தமானது. பேசியவர்கள் சிரிப்பார்கள், பிறகு பொறுப்பாகப் பதில் சொல்வார்கள். இவர் தலையைத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பிப் பல பேராசிரியர்கள் ஏமாந்திருக்கிறார்கள். உண்மையில் அவர் பதிலைக் கேட்பதில்லை. பேச்சையும் கேட்பதில்லை. பேச்சு நடக்கும்போது கேள்வியை மனசுக்குள் செதுக்கிக்கொண்டிருப்பார். பதில் வரும்போது, நாம் கேட்டது நன்றாக விழுந்ததா என்று யோசித்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷம் இத்தனை பேச்சுக்குப் போய் அவர் தெரிந்துகொண்டது ரொம்பக் கொஞ்சம். கேள்வி கேட்கிறவன்தான் கற்றுக்கொள்கிறவன் என்று ஊர் நம்புகிறது. ஊருக்கு அது ஒரு ஆறுதல்.

இந்த வருஷம் அவருக்கு வாய்ப்பூட்டு. போட்டவள் மகள்.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையில் விரிவுரையாளர். மனிதர்கள் வரிசையில் நிற்பதையும் காத்திருப்பதையும் கணக்காகப் போடுவதுதான் அவளுடைய படிப்பு. "காத்திருக்கிறதுக்கு ஒரு டிகிரியா? அப்படின்னா எனக்கு எப்பவோ குடுத்திருக்கணும்," என்பது அவளுடைய அம்மாவின் கருத்து, ஷிப்ட் முடிந்தும் டெப்போவில் பேசிக்கொண்டே நின்ற ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டவர் சொல்வதில் நியாயம் உண்டு. கதவு திறக்கும் நாளில் பொதுமக்களுக்குப் பேச மகளை இந்த வருஷம்தான் முதன்முதலாகக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வைத்த தலைப்பு, 'வந்தால் இரண்டாக வரும் பஸ்.' நெடுநேரம் வராத பேருந்து வரும்போது ஏன் சோடி போட்டு வருகிறது என்பது விஷயம். தலைப்பைக் கேட்டதும் சந்தேகம் சாருக்கு நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. தன் தொழிலைப் பற்றித் தன் பெண் பேசப்போகிறாள். முதல் கேள்வி தன்னுடையது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னாள். "அப்பா, மாமாவையும் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னுட்டாரு."

நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது.

மாமா என்பவர் அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவரும் பேருந்து ஓட்டியவர்தான். ஒரே டெப்போ, ஒரே தடம். சந்தேகம் சார் முன்வண்டி, மைத்துனர் பின்வண்டி. ஒன்று கிளம்பிக் கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று கிளம்பும். கிளம்பும்போது நடுவில் ஒழுங்கான இடைவெளி இருக்கும். பாதி வழி போவதற்குள் இவர் வண்டியில் மூச்சுவிட இடம் இருக்காது, நிறுத்தத்துக்கு நிறுத்தம் "ஏன்யா இவ்வளவு லேட்டு?" என்று வசவு. அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தால் மைத்துனரின் வண்டி, நாலு பேர் ஜன்னலோரம் தூங்க, காலி வயிறோடு இவர் வண்டியின் பின்பக்கத்தை மோந்துகொண்டு வரும். ஒரு நாள் இரு நாள் இல்லை, தினப்படி. கூட்டத்தை என் தலையில் கட்டிவிட்டு இவன் சொகுசாக வருகிறான் என்பது இவருடைய சந்தேகம். தன் அக்காளைக் கட்டியவன் என்ற மரியாதைகூட இல்லாமல் ஏய்க்கிறான் என்று மனைவியிடம் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினார். மைத்துனரிடம் மட்டும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே பேர் வாங்கிய மனிதர் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

கேட்காமல், வேறொன்று செய்தார். ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரம். டெப்போ ஓய்வறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வாங்கிய வசவு இவருக்கு இன்னும் ஆறவில்லை. மைத்துனர் உள்ளே வந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த 'ஓட்டுநர்' என்ற வில்லையை இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மச்சான், உன் வில்லையில எழுத்து தப்பா இருக்கு. முதல் எழுத்துக்கு அடியில இருக்கே ஒரு சுழி, அதைச் சுரண்டி எடுத்துடு. நீ ஓட்டுநர் இல்ல. ஒட்டுநர்."

அறை குலுங்கியது. நேரக் கணக்குப் பார்ப்பவர் டீயைத் துப்பிவிட்டார். பகடி நல்ல பகடி, அதை மறுப்பதற்கில்லை. ஒரு சுழியில் ஒரு மனிதரை முடித்துவிட்டது. அன்று சாயங்காலமே கண்டக்டர்கள் "ஒட்டுநர் வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வேறென்ன செய்யும், அதன் தொழிலே அதுதானே. மைத்துனர் ஊரின் மறுகோடியில் இருந்த டெப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் ஒரே அறையில் உட்கார நேர்ந்தால், சந்தேகம் சாரின் மனைவிதான் தபால்காரி. "மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லுக்கா." "ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லு." இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டடிகூட இருக்காது.

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு," என்றாள் மகள். "உங்க குரல் கேட்டுதுன்னா எழுந்து போயிடுவாராம்."

"என் பொண்ணு பேசுற எடத்துல நான் வாயைத் திறக்கக் கூடாதா?"

"உங்க ரெண்டு பேர் சண்டையில எனக்குத்தாம்பா மாமா இல்லாம போனாரு. அதுக்கப்புறம் என்னைப் பாக்க அவர் வர்றது இதான் மொத தடவை. பாதியில எழுந்து போகவெச்சிடாதீங்க."

அவள் கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. கணக்கில் ஒரு படியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அவரை அடக்கியது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாமாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள். அந்தத் தோள் திடீரென்று வராமல் போனதற்கு வீட்டில் யாரும் அவளுக்குக் காரணம் சொன்னதில்லை. சரி என்று தலையாட்டினார். எத்தனையோ பேராசிரியர்களை ஏமாற்றிய தலை என்பதால், மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கதவு திறக்கும் நாள் காலையில் மனைவி ஒரு யோசனை சொன்னார். மத்தியானம் வாயைக் கட்ட வேண்டும் என்றால் காலையிலேயே இருப்பதையெல்லாம் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும். வயிறு காலியாக இருந்தால் ஏப்பம் வராது. நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தார்கள். எலும்புக்கூட்டு அறையில் குதிரையின் எலும்புகளுக்கு முன்னால் நின்று, இது நின்றுகொண்டே தூங்கும் என்கிறார்களே, அப்படியானால் களைத்துப்போனால் என்ன செய்யும் என்று அறைப் பொறுப்பாளரான அம்மாளைக் கேட்டார். கற்கள் அறையில், இவ்வளவு வயதான கல்லைத் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே, வெளியே நாங்கள் மிதித்துக்கொண்டு வந்த கல்லுக்கு என்ன வயது என்று விசாரித்தார். நிலப்பட அறையில் மங்கிப்போன ஒரு படத்தில் தன் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் அங்கே சதுப்பு நிலம். "அப்பவும் லேட்டாத்தான் போயிருக்கும்," என்று மனைவி சொன்னார். புதுச் செருப்பு கடித்ததால் மனைவி ஒவ்வொரு அறையிலும் பெஞ்சைத்தான் முதலில் தேடினார். காட்சிப் பொருட்களைவிட உட்காருகிற இடங்களைப் பற்றி அன்றைக்கு அவருக்கு அதிகம் தெரிந்தது.

மதியத்துக்கு முன்னால் பறவைகள் பறப்பதைப் பற்றிய பேச்சு. அங்கேயும் சந்தேகம் சார் போய் ஒன்று கேட்டார். என்ன கேட்டார் என்பது அவருக்கே நினைவில்லை. ஆனால் ஏப்பம் நிற்கவில்லை. மகள் பேசப்போகும் அரங்கத்தை நோக்கி நடக்கும்போது, முதல் கேள்வி தொண்டைக்குள் தயாராக வந்து நின்றது. பஸ் வராத நேரத்தில் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திட்டுவது ஓட்டுநருக்குக் கேட்குமா என்பது அது. நல்ல கேள்வி. வீணாகப் போகப்போகிறதே என்று அவருக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது.

அரங்கம் படிப்படியாக மேலேறும் வகை. மகளே இடம் பிரித்துவைத்திருந்தாள். அப்பாவுக்கு முன்வரிசை. மாமாவுக்குக் கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி. போக வேண்டுமென்றால் போய்விடலாம் என்ற உறுதி அவருக்கு இருந்தால்தான் உட்காருவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா சொல்லாமலே நடு வரிசையில் போய் உட்கார்ந்தார், தராசு முள் மாதிரி. மைத்துனர் வந்துவிட்டார் என்பதை சந்தேகம் சார் கடைசி வரிசை வரை பார்க்காமலே தெரிந்துகொண்டார். மனைவியின் முகம் சொன்னது.

கணிதத் துறையின் தலைவர் மகளை அறிமுகப்படுத்தி உட்கார்ந்தார். அவள் பேச ஆரம்பித்தாள். முதல் சில நிமிஷங்கள் பழக்க தோஷத்தில் இவர் கேள்வியைச் செதுக்கிக்கொண்டுதான் இருந்தார். பிறகு, இதைக் கேட்கப்போவதில்லையே, எதற்குச் செதுக்குகிறோம் என்று தோன்றியது. உளியைக் கீழே வைத்தார். வைத்ததும் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. செய்ய வேறு ஒன்றும் இல்லாததால் காதில் விழுவதைக் கேட்க ஆரம்பித்தார். கதவு திறந்த இத்தனை வருஷங்களில் அவர் முழுசாகக் கேட்ட முதல் பேச்சு அது.

மகள் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். அதில் புள்ளிகளாக நிறுத்தங்கள். இரண்டு பெட்டிகள், முன்வண்டி, பின்வண்டி. "ரெண்டு ஓட்டுநருமே ரொம்ப நல்லவங்க, ரொம்ப ஒழுங்கானவங்கன்னு வெச்சுக்குவோம்," என்றாள். "ஒரு நிறுத்தத்துல ஒரே ஒருத்தர் குடையை மடக்கத் தெரியாம படியில நிக்கிறாரு. முன்வண்டி கொஞ்சம் தாமதம். அவ்வளவுதான் நடந்தது. தாமதமானதால அடுத்த நிறுத்தத்துல இன்னும் ரெண்டு பேர் சேர்ந்திருப்பாங்க. அவங்க ஏறுறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம். அதுக்கடுத்த நிறுத்தத்துல இன்னும் கூட்டம். முன்வண்டி நிக்க நிக்க லேட்டாகும், லேட்டாக லேட்டாக நிக்கும்."

பிறகு இரண்டாவது பெட்டியைத் தொட்டாள். "பின்வண்டி வந்து பாத்தா நிறுத்தத்துல ஆளே இல்ல. எல்லாரையும் முன்வண்டி அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. அது எதுக்காக நிக்கணும்? பாக்குறவங்களுக்கு அது வேகமா துரத்துற மாதிரி தெரியும். அது துரத்தல. அதை நிறுத்த ஆள் இல்ல, அவ்வளவுதான். கடைசியில முன்வண்டியோட முதுகுல போய் இடிச்சுக்கிட்டு நிக்கும். இதுல யாரும் யாரையும் ஏமாத்தல. யாருமே தப்புப் பண்ணாத எடத்துலயும் இது நடக்கும். தினமும் நடக்கும்."

சந்தேகம் சார் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணக்கட்டியில் வரைந்த இரண்டு பெட்டிகள். முன்னால் இருப்பது தான். பின்னால் காலியாக வருவது அவன். எத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் மைத்துனரின் முகம்கூடத் தெரியும். அதில் ஒரு நக்கல் இருப்பதாக இவர் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், ஆளில்லாத வண்டியை முன்னால் போகவும் வழியில்லாமல், பின்னால் தங்கவும் வழியில்லாமல் ஓட்டிக்கொண்டு வருகிறவனின் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. நக்கல் இவர் வைத்தது.

சந்தேகம் போய்விட்டது. போனது நிம்மதியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவருக்கு அப்படி இல்லை. இதுவரை அந்தச் சந்தேகத்தின் தோள்மேல் உட்கார்ந்துகொண்டிருந்த பகடி இப்போது பொத்தென்று தரையில் விழுந்து, தன் காலில் நிற்க முடியாமல் அவரைப் பார்த்தது. ஏய்த்தவனைச் சொன்னது என்று இருந்தவரைக்கும் அது குத்தல். ஏய்க்காதவனைச் சொன்னது என்றால் அதற்கு என்ன பேர்?

பேச்சு முடிந்தது. கைதட்டினார்கள். துறைத்தலைவர் எழுந்து, கேள்விகள் உண்டா என்றார். அரங்கம் செருப்பைப் பார்த்தது. துறைத்தலைவர் முன்வரிசையைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், நிலைமை தெரியாதவர். முதல் பேச்சு பேசிய இளம் விரிவுரையாளர் கேள்வியே இல்லாமல் இறங்கக் கூடாது என்ற அக்கறையில் சொன்னார்: "சந்தேகம் சார், இன்னிக்கு என்ன இப்படி மௌனம்? எங்க உங்க சின்ன சந்தேகம்?"

அரங்கம் சிரித்துக்கொண்டு திரும்பியது. மேடையில் மகளின் முகம் வெளிறிவிட்டது. சுண்ணக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் அது தெரியும். ஆனால் கால் எழுந்துவிட்டது. கேள்வி என்றதும் எழுந்துதான் அதற்குப் பழக்கம். எழுந்தவர் மேடையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"எனக்குச் சந்தேகம் இல்லைங்க," என்றார். குரல் அவருடைய வழக்கமான அரங்கக் குரல் இல்லை. "ரொம்ப வருஷமா இருந்துது. இப்ப இல்ல."

உட்கார்ந்துவிட்டார். அரங்கம் கொல்லென்று சிரித்தது, கைதட்டியது. சந்தேகம் சாருக்கே சந்தேகம் இல்லாமல் செய்துவிட்ட பெருமை இந்தப் பெண்ணைச் சேரும் என்றார் துறைத்தலைவர். இனி நம் துறைக்கு இதைவிடப் பெரிய பரிசு தேவையில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நடு வரிசையில் இருந்த மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் எழுந்துவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். குரல் கேட்டதும் எழுந்து, ஒரு கை கதவில் இருந்தது.

துறைத்தலைவருக்கு அதுவும் கேள்வியாகத்தான் தெரிந்தது. "கடைசியில ஒருத்தர் எழுந்து நிக்கிறாரு. கேளுங்க சார், கேளுங்க."

மொத்த அரங்கமும் அந்தப் பக்கம் திரும்பியது. போவதற்காக எழுந்தவர் கேட்பதற்காக எழுந்தவர் ஆகிவிட்டார். கதவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேடையில் நின்ற மருமகளைப் பார்த்தார். கதவிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப," என்று தொண்டையைச் செருமினார். "முன்வண்டிக்காரன் வேணும்னே ஊர்ந்து ஊர்ந்து போறான், பின்னால வர்றவனுக்குக் கெட்ட பேர் வாங்கித்தர்றான்னு பின்வண்டிக்காரன் நெனச்சிருந்தா?"

மகள் சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தாள். "அதுவும் தப்புத்தான், மாமா."

மாமா என்ற சொல்லைக் கேட்டு அரங்கம் கொஞ்சம் குழம்பியது. வீட்டு ஆட்களைக் கேள்வி கேட்க அழைத்து வந்துவிட்டார்கள் போல என்று யாரோ முணுமுணுத்தார்கள். மைத்துனர் உட்கார்ந்தார். முன்வரிசையில் சந்தேகம் சார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி இன்னொருவருக்கும் சந்தேகம் இருந்திருக்கக்கூடும் என்பது இதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான்கு பேர் வில்லால் வாசிக்கும் நான்கு தந்தி வாத்தியங்களோடு உட்கார்ந்து, முறுக்காணிகளைத் திருகிச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் மாமாவைப் போகவிடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டு, துறைக்காரர்கள் கூப்பிட்டதால் போனாள். மனைவி வழக்கம்போல இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், செருப்பு கடித்த இடத்தில் ஒட்டப் பஞ்சு எங்காவது கிடைக்குமா பார்க்கிறேன் என்று எழுந்து போனார். பஞ்சு அவர் கைப்பையிலேயே இருந்தது.

நடுவில் காலி நாற்காலி. மைத்துனர் வாத்தியக்காரர்களைப் பார்த்தபடியே பேசினார்.

"வண்டி ரெண்டும் ஒண்ணா வந்ததுக்குக் கணக்கு இருக்கு. சரி. அந்தப் பேருக்கு என்ன கணக்கு?"

சந்தேகம் சாரிடம் பதில்கள் இருந்தன. அன்றைக்குக் காலையிலிருந்து வசவு வாங்கியிருந்தேன் என்பது ஒன்று. எல்லோரும்தான் சிரித்தார்கள் என்பது ஒன்று. நான் ஒரு தடவைதான் சொன்னேன், மற்றவர்கள்தான் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஒன்று, அது உண்மையும்கூட. ஒவ்வொன்றும் ஏறத் தயாராக நின்றது. எதற்கும் அவர் வண்டியை நிறுத்தவில்லை.

"அதுக்குக் கணக்கு இல்ல," என்றார். "அது நான் வெச்சது."

மைத்துனர் மெல்லத் தலையசைத்தார், தெரிந்த விடையைச் சரிபார்த்துக்கொண்டவர் மாதிரி. "சொன்னப்ப எனக்கே மொதல்ல சிரிப்புதான் வந்துது. நல்லாத்தான் இருந்துது. அப்புறம் புது டெப்போவுக்குப் போறேன். யாருன்னே தெரியாத ஒருத்தன், 'ஓ, நீதானா அந்த ஒட்டுநர்'ங்கிறான். எனக்கு முன்னால அது போய் எறங்கியிருக்கு. ரிட்டயர் ஆன அன்னிக்கு எல்லாரையும் நிக்கவெச்சு ஃபோட்டோ எடுத்தாங்க. 'ஒட்டுநர், கொஞ்சம் ஒட்டி நில்லு'ன்னான் ஒருத்தன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எல்லார் பல்லும் நல்லாத் தெரியுது அதுல. அந்த ஃபோட்டோவை வீட்டுல மாட்டல."

முறுக்காணிச் சத்தம் நின்றது. வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார் சந்தேகம் சார். பதில் வேண்டும் என்று அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒண்ணும் பண்ண வேணாம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா போதும்."

பேசாமல் இருந்தார். வாசிப்பு ஆரம்பித்தது. அவருக்கு அந்த இசை புரியும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருஷமும் வந்து உட்காருவார், வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பற்றியும் ஏதாவது கேட்பார். இன்றைக்கு நான்கு வில்லும் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே பக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மாட்டாத அந்த ஃபோட்டோ வீட்டில் எங்கே இருக்கும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் மனைவி ஒரு தூணில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசிப்பு வேகம் எடுத்து, உச்சிக்கு ஏறி, சட்டென்று நின்றது. வில்கள் கீழே இறங்கின. யாரும் அசையவில்லை. மைத்துனரின் கைகள் தட்டுவதற்காக உயர்ந்து, ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நின்றன. சுற்றிலும் பார்த்தார். முதல்முறை வருகிறவர்களுக்கெல்லாம் வரும் தடுமாற்றம்தான். சந்தேகம் சாரே முதல் வருஷம் இதே மாதிரி, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் வரும் அமைதியில், முடிந்துவிட்டது என்று எழுந்து நின்று கேள்வி கேட்டு, முற்றம் முழுக்க முறைக்க வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"முடிஞ்சிடுச்சா?" என்று மைத்துனர் தணிந்த குரலில் கேட்டார். இந்தத் தடவை வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கேட்கவில்லை. "இல்ல, இன்னும் இருக்கா?"

"இன்னும் இருக்கு, மச்சான்," என்றார் சந்தேகம் சார்.

மைத்துனர் கைகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.